முன்பனிப் பாசறை

பாசறை என்னுஞ் சொல் நம் மாணாக்கர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையைப் பாடங் கேட்டோர் அதன் இறுதிப் பகுதியை எளிதில் மறவார். வாடை வீசும் நள்ளிரவு, மழைத்துளி தூவுகின்றது, விளக்குகள் காற்றில் அசைகின்றன, பாசறையில் வேந்தன் பள்ளி கொள்ளவில்லை. சிலரே உடன்வரப் புறப்பட்டுச் சென்று, புண்பட்ட தன் வீரரைக் கண்டு வருகின்றான். அவ்வளவில் நக்கீரர் பாட்டை முடித்துவிடுகின்றார். அவ்வேந்தன் பாண்டியன் நெடுஞ்செழியன் என்பது உரையாசிரியர் கொள்கை. 188 அடிகளையுடைய அப்பாட்டை யாம் பன்முறை படித்ததுண்டு. பிறர்க்குப் பாடஞ் சொன்னதும் உண்டு. ஆயினும் அவ்வேந்தன் ஏன் உறங்கவில்லை என்னும் வினாவுக்கு எமக்கு உண்மையான விடை கிடைத்தது, இராயக்கோட்டைச் சாலையை அடுத்த ஒரு மாந்தோப்பில், விடியற்காலை மூன்றரை மணிக்கேயாம். அவ்விடை எமது பிழையின் வாயிலாக வந்தது. ஆதலின் அதனை ஒளியாது இங்கெழுதத் துணிந்தோம்.

2025-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 3-ஆம் நாள் வெள்ளி மாலை முதல் 5-ஆம் நாள் ஞாயிறு நண்பகல் வரை, சாரணர் படைகளை நடத்தும் தலைவர்க்கென ஒரு பாசறை நடைபெற்றது. நம் கல்லூரித் திரிசாரணர் குழுவை நடத்தி வரும் யாம் இருவரும் அதற்குச் சென்றிருந்தோம். வந்திருந்தோர் முப்பத்து நால்வர். அவருள் எண்மர் பெண்மக்கள். பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர். சிலர் ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்து, விடுமுறை நாட்களில் தம் குடியிருப்புப் பிள்ளைகளைத் திரட்டிச் சாரணப் பயிற்சி அளிப்போர். எல்லைக்கப்பால் ஆனேக்கல், அத்திப்பள்ளி முதலிய ஊர்களிலிருந்து வந்த கன்னட ஆசிரியர் மூவரும் அவருள் இருந்தனர்.

ஓசூர் கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்திலுள்ளது. மார்கழியில் அங்கு வீசும் காற்று, சமவெளியிலிருந்து வருவோரை முதல் நாளே இருமச் செய்யும். அண்மையிலுள்ள தளியை ஆங்கிலேயர் சிற்றிங்கிலாந்து என்று அழைத்தது இக்குளுமை பற்றியே. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சிற்றூர்போல் இருந்த ஓசூர், சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிய பின் உருமாறிற்று. 1980-இல் அசோக் லேலண்டு தொழிற்சாலை வந்தது. அப்பத்தாண்டிலேயே டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் வந்தது. பின்னர்ச் சிறியவும் பெரியவுமாகப் பல வந்து சேர்ந்தன. 2019-இல் அது மாநகராட்சியாயிற்று. இன்று அங்கே தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசுவோரோடு, வடநாட்டினின்று வேலை தேடி வந்த குடும்பங்களும் வாழ்கின்றன. தந்தை இரவு ஷிப்டுக்கும் தாய் பகல் ஷிப்டுக்குமாகச் செல்லும் வீடுகள் பல. அவ்வீட்டுப் பிள்ளைகட்கு விளையாட ஒரு திடலும், விளையாட்டில் உடனிருக்க ஒரு மூத்தவரும் கிடைத்தல் அரிது. சாரணர் படை எங்கேனும் வேண்டப்படுவதாயின், அது இத்தகைய இடத்திலேயே வேண்டப்படுவதாகும்.

நகரைக் கடந்து இராயக்கோட்டைச் சாலையிற் செல்வோர் சிறிது தொலைவிலேயே சானமாவுக் காட்டை அடைவர். ஆண்டுதோறும் கேழ்வரகு முற்றுங் காலத்தில், கருநாடகத்துப் பன்னேருகட்டாக் காட்டினின்று யானைக் கூட்டங்கள் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கமாக இறங்கி வரும். சில இச்சானமாவுக் காட்டிலும் வந்து தங்கும். அக்காலத்தில் உழவர் இரவெல்லாம் பரண்மேலிருந்து தீப்பந்தமும் வெடியுங் கொண்டு தம் கொல்லைகளைக் காப்பர். ஒரு புறம் இயந்திரத்தின் ஓசை. மறுபுறம் வேழத்தின் பிளிறல். இவ்விரண்டுக்கும் இடையில் வாழ்கின்றனர் அந்நாட்டு மக்கள். எமது பாசறை அக்காட்டையும் உத்தனப்பள்ளியையும் கடந்து, ஒரு பள்ளிக்கூடத்தின் பின்னுள்ள மாந்தோப்பில் அமைந்திருந்தது. பெண்மக்கட்குப் பள்ளிக் கட்டடத்தில் இடம் ஒதுக்கப்பட்டது. ஆடவர் இருபத்தறுவரும் தோப்பில் ஐந்து கூடாரங்களில் தங்கினோம்.

நிற்க. சாரணம் சிறுவர்க்குரியதாயிற்றே, முதியோர்க்குப் பாசறை எற்றுக்கு என்று சிலர் வினவக்கூடும். இதற்கு அவ்வியக்கத்தின் வரலாறே விடை பகரும். பேடன் பவல் என்பார் 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிரவுன்சி என்னுந் தீவில் சுமார் இருபது சிறுவருடன் ஒரு பாசறை நடத்தினார். செல்வர் பள்ளிகளில் பயின்றோரும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கு ஒன்றாகத் தங்கினர். மறு ஆண்டு அவர் நூல் வெளிவந்ததும், ஊர்தோறும் சிறுவர் தாமே கூடிப் படை அமைக்கத் தொடங்கினர். சிறுவர்க்குக் குறைவில்லை, அவர்களை நடத்தத் தெரிந்த மூத்தோர்க்கே பஞ்சம். அக்குறை நீங்கவே 1919-இல் லண்டன் மாநகரின் புறத்தேயுள்ள கில்வெல் தோட்டத்தில் சாரணத் தலைவர்க்கெனப் பயிற்சி தொடங்கப்பெற்றது. அங்கு வந்த பெரியோர், தம் பட்டத்தையும் பதவியையும் வாயிலில் விட்டுவிட்டு, சிறுவரைப்போல அணியிற் சேர்ந்து, விறகு பொறுக்கி, சமைத்து, தரையிற் படுத்து எழ வேண்டும் என்பது விதி. அவ்விதி இன்றும் மாறவில்லை.

நம் நாட்டில் 1909-ஆம் ஆண்டில் பெங்களூரில் கேப்டன் பேக்கர் என்பவர் முதற் படையை அமைத்தார். அப்பெங்களூர் ஓசூருக்கு இருபத்தைந்து மைலே. ஆனால் அக்காலத்துப் படைகளில் இந்தியச் சிறுவர்க்கு இடமில்லை. அக்குறையைக் கண்டு, 1917-இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேல் என்பாரின் துணையுடன் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சங்கம் நிறுவினார். பின்னர்ப் பல சங்கங்கள் பிரிந்தும் கூடியும் நடந்து, 1950-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் பாரத சாரணர் சங்கமாக ஒன்றுபட்டன. அடுத்த ஆண்டு சாரணியரும் அதனுட் சேர்ந்தனர். ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் பொருட்டு எழுந்த வரலாறு இது என்பதை நாம் மறத்தலாகாது.

இனி எமது பாசறைக்கு வருவோம். வெள்ளி மாலை கொடியேற்றம் முடிந்ததும், பாசறைத் தலைவர் எம்மை நான்கு அணிகளாகப் பிரித்தார். அவர் ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், குறைவாகப் பேசுபவர், நாற்பது ஆண்டுகளாகச் சிறுவரைப் பாசறைக்கு அழைத்துச் சென்று பழகியவர். எமது அணிக்கு அணித்தலைவராக நியமிக்கப்பெற்றவர், தொழிற்சாலை ஒன்றில் பணி புரியும் இருபத்து நான்கு வயது இளைஞர். அவருக்குக் கீழ், இன்னும் ஓராண்டில் ஓய்வு பெறவுள்ள தலைமையாசிரியர் ஒருவர் தண்ணீர் சுமக்க வேண்டியவரானார். முதலில் அவர் முகம் சிறிது வாடிற்று. கூடாரக் கயிற்றை முளையிற் கட்டும் முடிச்சை அவர் மூன்று முறை போட்டார். மூன்று முறையும் அஃது அவிழ்ந்தது. அணித்தலைவர் அருகில் வந்து, "ஐயா, இப்படிச் சுற்றிப் பாருங்கள்" என்று மெல்லக் காட்டினார். முடிச்சு நின்றது. தலைமையாசிரியர் எம்மை நோக்கி, "முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளை, இது கூடவா தெரியாது என்று கேட்டு வந்தேனே" என்றார். அச்சொல்லே அப்பாசறையின் முதற் பாடமாயிற்று.

அன்று மாலை மேல்வானில் இளம்பிறையும் வெள்ளிக்கோளும் அருகருகே நின்ற காட்சியை அங்கிருந்தோர் எவரும் மறவார். பிறை மறைந்ததும் குளிர் இறங்கிற்று. சமையற் கூடத்தில் தொங்கிய வெப்பமானி, இரவு பத்து மணிக்குப் பதினாறு பாகையும், விடியுமுன் பதின்மூன்று பாகையும் காட்டிற்று. மலைநாட்டார்க்கு இது குளிரேயன்று. ஆயினும் ஈரத் தரையில் மெல்லிய விரிப்பின்மீது படுத்தார்க்கு அது போதும்.

உணவு கேழ்வரகுக் களியும் அவரைக் குழம்பும். மார்கழியில் அப்பக்கத்து அவரைக்கு நிகரில்லை. களி உருண்டையைத் தமிழர் களி என்றனர்; கன்னடர் முத்தே என்றனர்; தெலுங்கர் சங்கடி என்றனர்; மூவரும் மென்று தின்னாமல் விழுங்கினர். மென்று தின்ற யாம் இருவருமே அயலார் என்பது வெளியாயிற்று. ஒருவரையொருவர் எவ்வாறு விளிப்பது என்னும் ஐயமும் அப்பந்தியிலேயே தீர்ந்தது. அண்ணா என்னுஞ் சொல் மும்மொழிக்கும் பொதுவாதலின், வயதில் மூத்தார் எல்லோரும் எல்லோர்க்கும் அண்ணாவாயினர்.

சனியன்று இரவு விண்மீன் கண்டு வழி நடக்கும் பயிற்சி ஒன்று திட்டத்தில் இருந்தது. அதனை எதிர்நோக்கியே எம்மிற் பலர் வந்திருந்தோம். அன்று பிற்பகல், தோப்புக்கு இரண்டு மைல் தொலைவில் யானைகள் நடமாடுவதாகச் செய்தி வந்தது. பாசறைத் தலைவர் உடனே நடைப் பயிற்சியை நிறுத்திவிட்டார். இரவு எட்டு மணிக்குமேல் எவரும் வேலியைக் கடத்தலாகாது. உண்ட மிச்சம், பழத்தோல் ஆகியவற்றை வெளியே எறிதலாகாது என்றுங் கட்டளையிட்டார். எம்முள் ஒருவர் எழுந்து, "இத்தனை பெரியவர்கள் இருக்கிறோம், விளக்கும் இருக்கிறது, இரண்டு மைல் என்பது தூரந்தானே?" என்றார். உண்மையை உரைப்பின், எமது மனத்திலும் அதுவே இருந்தது. தலைவர் சினவாது, "நீங்கள் நாளை முப்பது பிள்ளைகளோடு வரும்போதும் இதே ஆசை உங்களுக்கு இருக்கும். ஆசைப்பட்டதை நிறுத்திப் பழகத்தான் உங்களை இங்கே அழைத்தேன்" என்று மட்டும் கூறி அமர்ந்தார். நடத்துவதற்குத் துணிவு வேண்டும். நிறுத்துவதற்கு அதனினும் மிகுந்த துணிவு வேண்டும் என்பதை அன்று உணர்ந்தோம்.

அன்று மாலை நடந்த கலந்துரையாடலைப் பற்றி எழுதக் கை கூசுகின்றது. எழுதாது விடுதலோ தகாது. பெண் தலைவருள் ஒருவர், அம்மாவட்டத்துப் பள்ளி ஆசிரியை, எழுந்து பேசினார். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் தொடக்கத்தில், அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தனியார் பள்ளி ஒன்றில், தேசிய மாணவர் படையின் பெயரால் ஒரு பாசறை நடந்தது. அப்படைக்கும் அப்பாசறைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பது பின்னரே வெளியாயிற்று. அங்கு இரவில் தங்கிய சிறுமியர் பாலியற் கொடுமைக்கு உள்ளாயினர். பிள்ளைகள் சொல்லியும் பெரியோர் மறைத்தனர் என்பது பள்ளியைச் சார்ந்தோர்மீது எழுந்த குற்றச்சாட்டு. பலர் கைது செய்யப்பட்டனர். அரசு தனிப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. "அந்தப் பெற்றோரும் சீருடையைப் பார்த்துத்தான் நம்பி அனுப்பினார்கள். நாளைக்கு நான் ஒரு தாயிடம் போய், உங்கள் மகளை இரண்டு இரவு என்னோடு அனுப்புங்கள் என்று கேட்கப் போகிறேன். நான் போட்டிருக்கிற இந்தச் சீருடையைத் தவிர, அவளிடம் காட்ட என்னிடம் என்ன இருக்கிறது?" என்று அவ்வாசிரியை வினவினார்.

எவரும் உடனே விடை கூறவில்லை. தீ மட்டும் சடசடத்துக் கொண்டிருந்தது. பின்னர் ஒருவர்பின் ஒருவராகச் சொல்லச் சொல்ல, ஓர் இளைஞர் அவற்றை எழுதிக் கொண்டார். பாசறைக்கு உரிய இசைவுக் கடிதத்தைக் கேட்கும் எப்பெற்றோர்க்கும் காட்ட வேண்டும். எந்தத் தலைவரும் எந்தப் பிள்ளையோடும் மறைவிடத்தில் தனித்திருத்தலாகாது. எங்கும் மூத்தோர் இருவர் வேண்டும். சிறுமியர் உள்ள பாசறையில் பெண் தலைவர் இன்றி ஓர் இரவும் கழிதலாகாது. பெற்றோர் அறிவியாது எந்நேரத்தில் வந்தாலும் வாயில் திறந்திருக்க வேண்டும். பிள்ளைகள் வீட்டாரோடு தொலைபேசியிற் பேசுவதைத் தடுத்தலாகாது. ஒரு பிள்ளை ஒரு குறை கூறுமாயின், பள்ளியின் பெயரைக் காட்டிலும் அப்பிள்ளையின் சொல்லே பெரிது. அச்சொல் அன்றே உரிய அதிகாரிகளிடம் சேர வேண்டும். இவை யாவும் எழுதி முடிந்த பின் பாசறைத் தலைவர், "எழுதினது நல்லது. எழுதினதை நம்பி உறங்கிவிடாதீர்கள்" என்றார். அச்சொல் எம்மைக் குறித்ததாகும் என்பதை அப்போது யாம் அறியோம்.

இரவுக் காவல் இருவர் இருவராக இரண்டு மணி நேரம். ஒவ்வொரு காவலின் தொடக்கத்திலும் கூடாரங்களைச் சுற்றி வந்து, உறங்குவோரை எண்ணி, காவற் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். எமது காவல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை. எமக்கு முன் காத்தோர், "26, நலம்" என்று எழுதி எம்மை எழுப்பிவிட்டுப் படுக்கச் சென்றனர். யாமோ குளிரில் நடுங்கிக் கொண்டிருந்தோம். ஐந்து கூடாரங்களின் வாயிலையும் அவிழ்த்து நோக்குவது உறங்குவோர்க்கு இடையூறாகும் என்று ஒரு காரணம் கற்பித்துக் கொண்டோம். வெளியிலிருந்து குறட்டை ஒலி கேட்டது. அதுவே சான்றாகத் தோன்றிற்று. நடுத்தீயின் அருகில் அமர்ந்து, யாமும் "26, நலம்" என்று எழுதிக் கையொப்பமிட்டோம். தொலைவில் கேழ்வரகுக் கொல்லைப் பக்கம் இருமுறை வெடியோசை கேட்டது. யானையை விரட்டுகின்றனர் போலும் என்று பேசிக் கொண்டோம்.

மூன்றரை மணிக்கு வெந்நீர் எடுக்கும் பொருட்டு எம்மில் ஒருவர் சமையற் கூடத்திற்குச் சென்றார். அது தோப்பின் கடைசியில், வேலிக்கு அருகில் இருந்தது. அடுப்புச் சாம்பலின் அருகே ஒருவர் முழங்காலை மார்போடு கட்டிக் கொண்டு சுருண்டு கிடந்தார். விளக்கை உயர்த்திப் பார்த்தால், மூன்றாங் கூடாரத்து இளைஞர், இருபத்திரண்டு வயதினர். தொட்டுப் பார்த்தபோது உடல் கொதித்தது. வெள்ளியன்று ஷிப்டு முடிந்து நேரே பாசறைக்கு வந்தமையால், ஒரு போர்வையன்றி அவர் வேறொன்றும் கொணரவில்லை. பிறரைக் கேட்க நாணி, நள்ளிரவில் எழுந்து, அடுப்பின் சூட்டைத் தேடி வந்து படுத்திருக்கின்றார். மூன்று மணி நேரத்திற்கு மேலாக அவர் அங்கே கிடந்தார். கூடாரங்களில் இருந்தோர் இருபத்தைவர். குறிப்பேட்டில் இருந்தோர் இருபத்தறுவர்.

ஓடிச் சென்று தலைவரை எழுப்பினோம். அவர் ஒன்றும் வினவாமல் தம் கம்பளியை எடுத்துக் கொண்டு வந்து அவ்விளைஞர்க்குப் போர்த்தினார். முதலுதவி அறிந்த ஆசிரியரை அழைத்தார். சுக்கும் மிளகும் இட்டுக் கஷாயம் வைக்கச் செய்தார். பொழுது விடியும் வரை அவர் தலைமாட்டிலேயே அமர்ந்திருந்தார். காலையில் அருகிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று மருந்து பெற்றுத் தரப்பட்டது. நண்பகலுக்குள் காய்ச்சல் தணிந்தது. கேடொன்றும் நேரவில்லை. ஆனால் கேடு நேராதது எமது காவலினாலன்று.

யாம் தலைவரிடஞ் சென்று, "ஐயா, எண்ணாமல் எழுதிவிட்டோம். தவறு எங்களுடையது. ஏட்டைத் திருத்தி எழுதட்டுமா?" என்று வினவினோம். அவர், "திருத்த வேண்டாம், அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும். அதன் கீழே ஒரு கடிதம் எழுதுங்கள். அங்கே கிடந்தது பதினொரு வயதுப் பையன், விடிந்தும் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொண்டு, அவன் அம்மாவுக்கு எழுதுங்கள்" என்றார். அவர் எம்மைக் கடிந்து பேசியிருப்பின் அது எளிதாயிருக்கும். ஒரு மாமரத்தடியில் அமர்ந்து, அன்புள்ள அம்மா என்று தொடங்கினோம். குளிர் மிகுதியாயிருந்தது என்று எழுதி அடித்தோம். முன்னிருந்த காவலர் எண்ணியதாகக் கூறினர் என்று எழுதி அதனையும் அடித்தோம். பிறரது உறக்கத்திற்கு இடையூறு செய்ய விரும்பவில்லை என்று எழுதியபோது எமக்கே வெட்கமாயிற்று. இறுதியில் எஞ்சியது ஒரே வரி: "உங்கள் மகனை நாங்கள் எண்ணவில்லை." அவ்வொரு வரியோடு ஏட்டைத் தலைவரிடம் ஒப்புவித்தோம். அவர் படித்துவிட்டு, "போதும்" என்று மடித்து வைத்தார்.

ஞாயிறு காலை எல்லாச் சமயத்தாரும் கூடிய பிரார்த்தனை நடந்தது. மிஷன் பள்ளி ஆசிரியர் ஒருவர், நூறு ஆடுகளுள் ஒன்று காணாமற் போக, தொண்ணூற்றொன்பதையும் விட்டு அவ்வொன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனின் உவமையை எடுத்துரைத்தார். சிறுவயது முதல் ஞாயிறு பள்ளியிலும் ஆலயத்திலும் யாம் கேட்டுப் பழகிய கதை. மேய்ப்பனின் அன்பைப் பற்றியும், தோளிற் சுமந்து வந்த மகிழ்ச்சியைப் பற்றியும் எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கின்றோம். அவர் பேசி முடித்ததும், தெலுங்கு பேசும் நண்பர் ஒருவர் எழுந்தார். அவர் பாட்டனார் அப்பக்கத்து மலையடிவாரத்தில் ஆடு மேய்த்தவராம். மாலையில் பட்டியின் வாயிலில் நின்று, நுழையும் ஒவ்வோர் ஆட்டின் முதுகிலும் கை வைத்து எண்ணுவாராம். அந்நண்பர் கூறினார்: "அந்த மேய்ப்பர் தேடிப் போனது பெரிது, அண்ணா. ஆனால் முதலில் அவர் எண்ணியிருக்கிறார். எண்ணாதவனுக்குத் தொண்ணூற்றொன்பதும் நூறுதான்."

யாம் இருவரும் தலை குனிந்து அமர்ந்திருந்தோம். அன்பு என்பது உள்ளத்தின் நெகிழ்ச்சி என்றே அதுகாறும் எண்ணியிருந்தோம். குளிரில் எழுந்து, கூடார வாயிலை அவிழ்த்து, ஒன்று இரண்டு என்று விரல் மடக்குவதும் அன்பே என்பது அன்று விளங்கிற்று. வேந்தன் பாசறையில் உறங்காதிருந்ததும் இதன் பொருட்டன்றோ? வீரர் நலமே இருக்கின்றனர் என்று அமைச்சர் எழுதிக் கொடுத்திருக்கக் கூடும். அவன் விளக்குடன் எழுந்து சென்று நேரிற் கண்டான்.

கொடி இறக்கப்பட்டு, கூடாரங்கள் சுருட்டப்பட்டன. தோப்பில் ஒரு கந்தைக் காகிதமும் எஞ்சாதவாறு வரிசையாக நின்று பொறுக்கினோம். பிரியும் முன் தலைவர், மூன்று நாள் கழித்து வரும் ஜனவரி 8 பேடன் பவல் மறைந்த நாள் என்பதை நினைவூட்டினார். 1941-இல் அவர் கென்யா நாட்டில் காலமானார். நியேரி என்னும் ஊரில் அவர் கல்லறைமீது, ஒரு வட்டமும் அதன் நடுவில் ஒரு புள்ளியும் பொறிக்கப்பட்டுள்ளன. வழிக்குறிகளில் அதற்கு, வீடு திரும்பிவிட்டேன் என்பது பொருள். தலைவர் ஒரு குச்சியால் மண்ணில் அக்குறியை வரைந்து, "உங்களோடு வந்த கடைசிப் பிள்ளை வீடு சேர்ந்த பிறகுதான் இதை நீங்கள் வரையலாம்" என்றார்.

அன்று மாலை ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் எமது பேருந்து புறப்பட ஆயத்தமாய் நின்றது. யாம் ஏறவில்லை. காய்ச்சற்கார இளைஞர் தம் நண்பரோடு மோட்டார் சைக்கிளிற் சென்று அரை மணியாயிருந்தது. அடுத்த பேருந்தும் சென்ற பின், கைபேசியில் செய்தி வந்தது: "வீட்டுக்கு வந்துட்டேன் அண்ணா." அதன் பின்னரே ஏறினோம்.

எண்ணுதல் என்னுஞ் சொல்லுக்கு நினைத்தல் என்றும் கணக்கிடுதல் என்றும் தமிழில் இரு பொருள் உண்டு. அவ்விரண்டும் ஒரே சொல்லாய் அமைந்ததன் நுட்பத்தை யாம் வகுப்பறையில் அறிந்திலோம். நம் கல்லூரியினின்று வெளியேறி ஆசிரியராகவும் அதிகாரியாகவும் செல்லவிருக்கும் மாணாக்கரே! உங்கள் கையிலும் ஒரு நாள் ஒரு குறிப்பேடு வரும். அதில் உங்களுக்கு முன்னிருந்தவர் ஓர் எண்ணை எழுதி வைத்திருப்பார். இரவு குளிராயிருக்கும், உள்ளிருந்து குறட்டை ஒலியும் கேட்கும். அப்போது எழுந்து சென்று எண்ணுங்கள்.